சுக்கானும் முன்சில்லும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



என்னைப் பேசுமாறு பணித்தபோது, இலக்கியத்தையோ சமயத்தையோ பற்றி இரண்டு வார்த்தை சொல்வேன் எனப் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, பிக்கப் வண்டியின் சுக்கான் உறுப்புகளையும் முன்சில்லுகளைத் தாங்கும் உறுப்புகளையும் பலப்படுத்துவது எப்படி என்பது. இதைக் கராஜிலே அல்லவா பேசவேண்டும் என்று கேட்கலாம். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் புலவராக மாத்திரமன்றி, விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகவும் விளங்கியவர். அவர் பிறந்த இந்த நாட்டிலே இயந்திரத்தைப் பற்றித் தமிழிற் பேசுவது புதுமையாகாது.

நமது ஊரின் சீவனம் தோட்டத்திலே இருக்கிறது. ஆய்ந்த கத்தரியும் மிளகாயும், கட்டிய வெற்றிலையும் விடியுமுன் சந்தைக்குப் போயாகவேண்டும். அவற்றைச் சுமப்பவை பெரும்பாலும் பழைய பிக்கப் வண்டிகள். 2020 மார்ச்சிலே இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். புதியதை வாங்க இயலாதவன் பழையதைப் பலப்படுத்த எண்ணுவது நியாயமே. ஆனால் எதை முதலிற் பலப்படுத்துவது என்பதிலேதான் நாம் தவறிவிடுகின்றோம்.

மாட்டுவண்டி திரும்பும்போது வண்டி முழுவதுமே மாடுகளின் பின்னால் திரும்புகின்றது. நாலு சில்லு வண்டிக்கு அது பொருந்தாது. வளைவிலே உட்புறச் சில்லு சிறிய வட்டத்தையும் வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்தையும் வரைகின்றன. ஆகவே உட்புறச் சில்லு சற்று அதிகமாகத் திரும்பவேண்டும். இதற்கான அமைப்பை ஜேர்மனியிலே மூனிச் நகரத்து வண்டித் தொழிலாளர் லங்கென்ஸ்பேர்கர் கண்டறிந்தார். அவருக்காக 1818இல் லண்டனிலே காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். இன்றைக்கும் அது ஆக்கர்மன் பெயராலேயே வழங்குகின்றது.

1980களிலும் 1990களிலும் வந்த ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் பலவற்றில் சுக்கானின் அசைவு ஒரு பெட்டிக்கு வருகின்றது. அப்பெட்டியிலிருந்து பிட்மன் ஆம் என்னும் கை ஒரு நடுத்தண்டைத் தள்ளுகின்றது. அத்தண்டின் மறுமுனையைத் தாங்குவது ஐட்லர் ஆம். நடுத்தண்டிலிருந்து இரு புறமும் டை ரொட் என்னும் தண்டுகள் சென்று சில்லுகளைத் திருப்புகின்றன. சந்திகள் தோறும் உருண்டை வடிவான போல் ஜொயின்ட் இருக்கின்றது. ஐட்லர் ஆமின் புஷ் தேய்ந்தால் நடுத்தண்டு மேலும் கீழும் ஆடும். சில்லுகள் தாமாகவே உள்ளும் புறமும் நோக்கும். டயரின் ஓரம் அரம்போலத் தேயும்.

என் மாமாவின் வண்டிக்கு வந்த வருத்தமும் இதுவே. "மருமகன், சுக்கானை ஒரு சாண் திருப்பினாலும் சில்லு அசையுதில்லை, என்னெண்டு பார்" என்றார். என் மச்சானோ அகலமான டயர் பூட்டி, டோர்ஷன் பாரை முறுக்கி, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தவேண்டும் என்று நின்றான்.

நண்பர்களே, டோர்ஷன் பாரை முறுக்கினால் வண்டி உயருமேயன்றி அந்தக் கம்பியின் பலம் கூடுவதில்லை. சில்லு கீழே இறங்கும் இடம் குறைகின்றது. போல் ஜொயின்ட்டுகளும் டை ரொட்டுகளும் சரிந்த கோணத்தில் நின்று விரைவில் தேய்கின்றன. வெளியே தள்ளி நிற்கும் அகலமான சில்லோ நெம்புகோல் போலாகி, ஒவ்வொரு குழியின் அடியையும் பெருக்கித் தண்டுகளுக்குக் கொடுக்கின்றது. தேய்ந்த உறுப்புகளின் மேல் இவற்றைச் செய்வது, உக்கிய வளைமேலே ஓடு போடுவது போலாகும்.

ஆகையால் முதலிலே சோதனை. ஒருவர் சுக்கானை இடமும் வலமும் சிறிது அசைக்க, மற்றவர் கீழே படுத்து எந்தச் சந்தி ஆடுகின்றது என்று பார்க்கட்டும். பின்பு சில்லை ஜக்கில் உயர்த்தி, ஜக்கை மாத்திரம் நம்பாமல் தாங்கி வைத்து, போல் ஜொயின்ட்டைச் சோதிக்கவேண்டும். அதன் பின்னரே பலப்படுத்தல். வெறும் புஷ் உள்ள ஐட்லர் ஆமுக்குப் பதிலாகப் பெயரிங் உள்ளது. தடித்த டை ரொட். கிறீஸ் அடிக்கும் வாய் உள்ள முனைகள். கடற்காற்றும் மணலும் உள்ள நமது பக்கத்துக்குக் கிறீஸ் இன்றியமையாதது. பொலியூரத்தேன் புஷ் ரப்பரிலும் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் வீதியின் அதிர்வைக் கூடுதலாக உள்ளே கொண்டுவரும். எதை மாற்றினாலும் முடிவிலே சில்லுகளின் அலைன்மென்ட் பார்த்தே தீரவேண்டும்.

நாங்களும் அவ்வாறே செய்தோம். தடித்த டை ரொட்டை என் கையாலேயே பூட்டினேன். அதன் நட்டுக்கு ஊடாக இடவேண்டிய கொட்டர் பின் கைவசம் இருக்கவில்லை. "நாளைக்கு வாங்கி இடுவோம்" என்று நட்டை இறுக்கிவிட்டேன். மறுநாள் மறந்தேன்.

இரண்டு கிழமை கழித்து, விதைநெல் மூடைகளும் பின்னாலே மூன்று ஆட்களுமாய் மாமா படுவான்கரைக்குப் புறப்பட்டார். நானும் கூட இருந்தேன். பட்டிருப்புப் பாலத்தை அணுகும்போது அவர் சுக்கானை வலப்புறம் திருப்ப, இடது சில்லு தன்பாட்டிலே வெளியே திரும்பிற்று. வண்டி மெதுவாகப் போனபடியால் வீதியோரத்தில் நின்றது. சற்று அப்பால் ஆற்றுநீர். கீழே பார்த்தேன். நட்டு கழன்று, டை ரொட் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டிலே ஒரு குறையுமில்லை. குறை என்னிடத்திலே இருந்தது. பின்னாலிருந்து இறங்கியவர்களில் ஒருவர் எனக்குப் பாலர் வகுப்பிலே படித்தவனின் தகப்பன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடைகளை இறக்கத் தொடங்கினார். அந்த மௌனம் இன்றும் என் நெஞ்சை அறுக்கின்றது.

அன்றிரவு நடந்ததை மாமாவிடம் ஒளியாமற் கூறினேன். "நீ சொன்னது நல்லது. இனி இந்தப் பின்னை நீதான் பார்க்கவேணும்" என்றார். அன்று முதல் எங்கள் வண்டி சுமையேற்றிப் புறப்படுமுன் நான் கீழே படுத்துப் பார்ப்பேன்.

பழைய பின்னை மறுபடி இடாதீர்கள். துளை நேருக்கு வராவிட்டால் நட்டைத் தளர்த்தாமல், இன்னும் சற்று இறுக்கி நேர்ப்படுத்துங்கள். சுமையைப் பின்னச்சுக்கு அப்பால் குவிக்காதீர்கள். முன்சில்லின் பாரம் குறைந்தால் சுக்கான் சொற்கேளாது.

இச்சங்கத்து இளைஞரிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நாள் ஊர் வண்டிகளை நிறுத்தி, இந்தச் சோதனையைச் செய்து கொடுப்போம். ஒரு ஜக்கும், ஒரு டோர்ச்சும், ஒரு பெட்டி கொட்டர் பின்னும் போதும். முதற் பெட்டியை நான் இன்று கொண்டுவந்திருக்கின்றேன். செயலாளர் அவர்கள் ஏற்றருள வேண்டும்.