புறநகரில் ஒரு மனை

கொழும்பு நகருக்குள்ளே நிலம் வாங்குவதென்பது மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத காரியமாகி வெகுகாலமாயிற்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்தவர், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பிரித்ததும் காணி விளம்பரப் பத்தியையே முதலிலே தேடுகின்றனர். “பத்துப் பேர்ச், பிரதான வீதிக்கு அண்மையில், நீர், மின்சாரம் உண்டு” என்ற வரியும், அதன் கீழே அயலிலுள்ள காணிகளை விடக் குறைந்ததொரு விலையும் காணப்பட்டால் உள்ளம் துள்ளுகிறது. 160 பேர்ச் கொண்டதே ஓர் ஏக்கர். அதிற் பதினாறில் ஒரு பங்குக்காக ஒரு குடும்பம் தன் ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் கொடுக்க முன்வருகிறது. விலை ஏன் குறைந்தது என்று கேட்பவரோ மிகச் சிலர்.

கொழும்பின் புறநகரைப் பொறுத்தவரையில் இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு. அது தண்ணீர். நகரின் வடக்கே களனி கங்கை ஓடுகிறது. வத்தளைக்கு அப்பால் முத்துராஜவெலச் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. தெற்கே பெல்லன்வில, அத்திடிய சதுப்பு நிலங்கள் உள்ளன. இவற்றுக்கிடையே வயல்களும் கால்வாய்களும் பின்னிக் கிடந்த பூமியிலேதான் இன்றைய புறநகர் எழுந்திருக்கிறது.

கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் இரு வீதிகளின் பெயர்களே இதற்குச் சான்று பகரும். பழைய வீதி கங்கையையொட்டிக் கடுவெல, ஹங்வெல்ல வழியாகச் செல்கிறது; அதற்கு லோலெவல் வீதி என்று பெயர். மற்றையது நுகேகொட, மஹரகம, ஹோமாகம வழியாக மேட்டு நிலத்தைப் பற்றிச் செல்வதனால் ஹைலெவல் வீதி எனப்படுகிறது. பெயரிட்டவர்கள் பூமியின் ஏற்றத்தாழ்வை அறிந்தே பெயரிட்டார்கள். ஹைலெவல் வீதிப் பக்கத்திலே எங்கும் பள்ளமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அங்கும் கால்வாயோரத்துத் தாழ்ந்த ஒழுங்கைகள் உண்டு.

1989 ஜூனிலும் 2016 மே மாதத்திலும் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல முதலிய பகுதிகளிலே ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் அவ்வெள்ளம் மீண்டும் வந்தது. கங்கையின் இருமருங்கிலும் வெள்ளத்தைத் தடுக்கும் அணை உண்டு என்பது மெய்யே. ஆயினும் வாங்கப்போகும் காணி அவ்வணைக்கு உட்புறத்தே உள்ளதா, கங்கைப் புறத்தே உள்ளதா என்பதை விசாரிக்காமல் அணையை நம்புவதிற் பயனில்லை. கங்கைப் புறத்துக் காணிக்கு அவ்வணை யாதொரு காவலும் அளிப்பதில்லை.

காணியின் பழைய நிலையை அறிவதற்கு எளிய வழியொன்று உண்டு. உறுதியிலே காணியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்தவர்க்கு இது புதிதன்று. ‘கலட்டி’ என்று முடியும் காணி கல்நிலம் என்பதும், ‘பள்ளம்’, ‘தாழ்வு’ என்று முடிவது மாரியிலே நீர் நிற்கும் நிலம் என்பதும் அங்கே சிறுவருக்கும் தெரியும். தெற்கிலும் வழக்கம் அதுவே. ‘கொஸ்கஹவத்த’ என்றால் பலாமரத் தோட்டம். ‘வத்த’ என்று முடிவது பெரும்பாலும் மேட்டுப் பயிர் நின்ற இடம். ‘கும்புற’ என்று முடிந்தால் அது வயல். ‘ஓவிட்ட’, ‘தெனிய’ என்றால் ஈரமான தாழ்நிலம். செம்மண் கொட்டி, மதில் கட்டி, இரும்புக் கதவு போட்டுவிட்டாற் காணியின் தோற்றம் மாறிவிடும். உறுதியிலுள்ள பெயரோ மாறாது. சிங்களம் அறியாதவர் அறிந்த ஒருவரைக் கொண்டு அப்பெயரை வாசித்துக் கேட்பது நன்று. தரகர் இதைச் சொல்லமாட்டார்.

நெற்காணியை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அவ்வனுமதிப் பத்திரத்தைக் காட்டமுடியாத காணியில் வீடு கட்டும் அனுமதியும் சிக்கலாகும். நிரப்பிய நிலத்திலே மலசலகூடக் குழியின் நீர் மண்ணில் வடிவதில்லை. மாரியிலே குழி மேலெழும். இத்துன்பத்தை அனுபவித்தவரே அறிவர். ஆகவே வெயிற்காலத்துக் காலைப்பொழுதிற் பார்த்த காணியை, இரண்டு நாள் அடைமழை பெய்த பின் மறுபடியும் சென்று பார்க்கவேண்டும். தெருமுனைக் கடைக்காரரிடம் கதைத்தால் எந்த ஆண்டில் எவ்வளவு நீர் வந்தது என்பதை அவர் கையால் அளந்து காட்டுவார். அருகே குப்பைமேடு உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். 2017 ஏப்ரில் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லவிற் குப்பைமலை சரிந்து முப்பது பேருக்கு மேல் மாண்டனர்.

பாதுகாப்பு என்ற சொல் தமிழ்க் குடும்பங்களின் செவியிலே வேறொரு பொருளையும் தருகிறது. 1983 ஜூலையை மறவாத பெற்றோர், வத்தளையிலோ தெஹிவளையிலோ உறவினர் வீட்டுக்கு அருகிலேயே காணி வேண்டுமென விரும்புவது இயல்பே. அவ்விருப்பத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உறவினர் பக்கத்தில் இருக்கிறார் என்ற ஒன்றையே பார்த்துப் பள்ளத்தை வாங்கினால், வெள்ளம் வரும்போது இரு குடும்பமும் சேர்ந்தே படகில் ஏறவேண்டியிருக்கும்.

பிள்ளைகளின் கல்வி அடுத்தது. தமிழ்மொழி மூலப் பாடசாலை எல்லாப் புறநகரிலும் இல்லை. அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தர அனுமதிக்கு, வாக்காளர் இடாப்பிலே தொடர்ந்து பெயர் பதிந்திருந்த ஆண்டுகளுக்கும் வதிவிட ஆவணங்களுக்கும் புள்ளிகள் உண்டு. வீட்டுக்கு இன்னும் கிட்டிய பாடசாலைகள் வேறு இருப்பின் புள்ளி குறையும். பிள்ளைக்கு ஐந்து வயதான பின் வீடு மாறுவோர் இதனாலே இடர்ப்படுகின்றனர். தூரத்துக் காணியில் மிச்சமாகும் பணம், ஆண்டுதோறும் பஸ் கட்டணமாகவும் பாடசாலை வான் கட்டணமாகவும் கரைவதையும் கணக்கிலே சேர்க்கவேண்டும்.

இனி உறுதி. நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு கைச்சாத்திடாத காணி விற்பனை செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. அதற்கு முன்னரே காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுக்கால உரித்தைத் தேடிப் பார்த்தல் வேண்டும். வங்கிக் கடன் பெறுவோர்க்கு வங்கியே இதை வற்புறுத்தும். கைப்பணம் கொடுத்து வாங்குவோரே பெரும்பாலும் அசட்டையாக இருந்துவிடுகின்றனர். பிரிக்கப்படாத பங்குக் காணியை மலிவென்று வாங்குவது, பிரிவினை வழக்கொன்றை விலைகொடுத்து வாங்குவதாகும். ஒழுங்கை நில அளவைப் படத்திலே பாதையாகக் குறிக்கப்பட்டுள்ளதா, பாதையுரிமை உறுதியிலே எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். உள்ளூராட்சி மன்றத்தின் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் சோலைவரிப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கவேண்டும். கைமாற்றுக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு 3 வீதமும், மிகுதிக்கு நூற்றுக்கு 4 வீதமுமாகும். நொத்தாரிசின் கட்டணமும் நில அளவையாளர் கூலியும் வேறு. விலைபேச உட்காருமுன் இத்தொகையைத் தனியே எடுத்து வைக்காதவர்கள், அத்திவாரம் வெட்டும் நாளிலே கடன் தேடி அலைகின்றனர்.