நம் தோட்டத்தைப் பற்றி நாமே எழுதலாம்



சிங்கராஜ வனத்தை 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. இணையத்தில் தேடினால் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். அந்தக் காட்டின் அருகே, கலவானையில், தேயிலை மலையிலும் றப்பர் தோட்டத்திலும் தலைமுறை தலைமுறையாக உழைக்கிற நம் சனங்களைப் பற்றித் தேடிப் பாருங்கள். கிடைப்பது சொற்பம்தான். அந்தக் குறையை நாமே தீர்க்க வழி இருக்கிறது.

அந்த வழி தமிழ் விக்கிப்பீடியா. அது 2003 செப்டெம்பரில் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அதைத் தோளில் சுமந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கிவைத்தார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017 மே மாதம் தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தொட்டன. சம்பளம் வாங்காமல் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்தவை அவை.

கையில் இருக்கிற போன் போதும். கணக்கு ஒன்றைத் திறந்து, ‘மணல்தொட்டி’ என்ற பக்கத்தில் எழுதிப் பழகலாம். சந்தேகம் வந்தால் ‘ஆலமரத்தடி’யில் கேட்கலாம், அனுபவசாலிகள் வந்து பதில் சொல்வார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விக்கிப்பீடியா சான்று கேட்கும். பெரட்டுக்களத்தில் நடந்ததைப் பாட்டி சொன்னார் என்று எழுதினால், அது முழு உண்மையாக இருந்தாலும் நீக்கிவிடுவார்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகம் நாம். நம் கதையில் அச்சேறியது கொஞ்சம், வாய்மொழியாக நிற்பது அதிகம். அதனால் இந்த விதி நமக்கு வலிக்கும். ஆனாலும் அது வேண்டும் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அது இல்லாவிட்டால், யாரோ ஒருவர் நம்மைப் பற்றி வாய்க்கு வந்ததை எழுதும்போது எதைக் காட்டி மறுப்பது?

ஆகவே சான்றைத் தேடுவோம். லயத்து வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கோயில் கும்பாபிஷேக மலர் கிடக்கும், பாடசாலை விழா மலர் கிடக்கும். கோயில்காரர்களே எழுதிய மலர் என்றால் புகழுரையை விட்டுவிட்டு, ஆண்டையும் பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மலரைக் கறையான் தின்னும் முன் ‘நூலகம்’ மின்னூலகத்தாரிடம் கொடுத்தால், மின்வடிவாக்கிப் பாதுகாப்பார்கள். ஊர்வாரியான சனத்தொகைக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகள் இருக்கின்றன. படத்துக்கு அச்சுச் சான்று தேவையில்லை. கொழுந்து மடுவத்தையோ பழைய லயத்தையோ நீங்களே படம் பிடித்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். எழுத்துப் பழகாதவர்களும் இதைச் செய்யலாம். படத்தில் ஆட்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், 2017ஐச் சொல்வேன். கட்டுரைகள் இலட்சத்தைத் தொட்ட அதே மே மாதக் கடைசியில் கலவானையை வெள்ளமும் மண்சரிவும் புரட்டிப் போட்டன. பத்திரிகைகள் எழுதின; அனர்த்த முகாமைத்துவ நிலையம் அறிக்கைகள் வெளியிட்டது. எந்த மலை சரிந்தது, எந்தப் பாதை அறுந்தது என்பதை அவற்றோடு ஒப்பிட்டு, இடப்பெயர் பிசகாமல் எழுத இந்த ஊரை அறிந்த ஒருவர் வேண்டும். இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் அந்த ஆண்டுப் பத்திரிகைச் செய்திகளைத் தேடத் தொடங்குங்கள்.