தம்மைத் தருதலே ஈகை



கையிலுள்ளதைக் கொடுப்பது அறம். தம்மையே கொடுப்பது பேரறம். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் செல்வர் பலர் மிகுதியாக இட்டபோதும், இரு சிறு காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணையே இயேசு பெருமான் உயர்த்திக் கூறினார். ஏனையோர் தம் மிகுதியிலிருந்து இட்டனர். அவளோ தன் வாழ்வுக்குரிய அனைத்தையும் இட்டாள்.

இந்நெறியில் நின்றவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், இந்நாட்டில் தங்கிப் பணியாற்ற எண்ணியவர் அல்லர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், ஆண் மருத்துவரை அனுமதியாத வழக்கத்தால், பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மனம் மாறினார். அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. மருந்தளித்ததோடு அவர் அமைந்துவிடவில்லை. 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெறுவோரைக் கொடுப்போராக உயர்த்தியதே அவர்தம் ஈகையின் சிறப்பாகும்.

நாம் இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கையேந்தி நிற்குமாறு வைக்கப்பட்ட நமக்கு, இரக்கத்தால் இடப்படும் பொருள் விடுதலை தராது. கல்வி நமது உரிமை; இரந்து பெறுவதன்று. ஆயின், கற்ற நாம் சேரியை மறந்து நகரில் ஒதுங்கிவிடின், அவ்வுரிமையின் பயன் நம்மோடு முடிந்துபோகும். மாலைதோறும் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வோம். விண்ணப்பம் எழுத அறியாதவர்க்கு எழுதிக் கொடுப்பதோடு, எழுதவும் கற்பிப்போம். அதுவே நாம் இடும் இரு காசு. இவ்வெள்ளி விழா நாளில் அக்காணிக்கையைச் செலுத்த உறுதி பூணுவோம்.