அடுக்களைத் தெய்வங்கள்



'பேகன்' என்னும் சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாட்டுப்புறத்தான் என்றும் பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. உரோமப் பேரரசு கிறித்துவத்தைத் தழுவிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாது வழிபட்டு நின்றோரை மற்றையோர் இப்பெயரால் அழைத்தனர். அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று அது. அவர்களுடைய சமயத்தைத் தோற்றுவித்த ஆசான் எவருமில்லை. எல்லோரும் ஏற்றுச் சொல்லவேண்டிய விசுவாச அறிக்கையும் இல்லை. அவ்வாறாயின், அச்சமயம் எதிலே நிலைபெற்றிருந்தது? செய்கையிலே நிலைபெற்றிருந்தது என்பதே விடை. அச்செய்கை பெருங்கோயில்களைக் காட்டிலும் வீட்டு அடுப்பங்கரையிலேதான் ஆழ வேரூன்றியிருந்தது. அதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை பொங்கி, பொம்பேயி நகரைச் சாம்பலால் மூடிவிட்டது. பல நூற்றாண்டுகளின் பின் அந்நகரை அகழ்ந்தோர், வீடுதோறும் சிறு வழிபாட்டு மாடங்களைக் கண்டனர். அவற்றுட் பல சமையலறையிலேயே அமைந்திருந்தன. வெற்றி குடும்பத்தார் வீடு என வழங்கும் மாளிகையில் உள்ள மாடத்து ஓவியம் பெயர்பெற்றது. நடுவே, தலையை முக்காடிட்டு மூடிய ஆடவன் ஒருவன் படையல் செய்கின்றான். அவன் இல்லத் தலைவனின் உயிராற்றலைக் குறிக்கும் 'கெனியஸ்'. இருமருங்கிலும் மதுக்கொம்பை உயர்த்தி ஆடும் இளைஞர் இருவர், வீட்டைக் காக்கும் 'லார்' தெய்வங்கள். கீழே ஒரு பாம்பு பலிபீடத்தை நோக்கி ஊர்ந்து வருகின்றது. இவர்களோடு, களஞ்சியத்தைக் காக்கும் 'பெனாத்தெஸ்' தெய்வங்களும், அடுப்புத் தீயாகவே விளங்கிய வெஸ்தா தேவியும் வீட்டாரின் வணக்கத்தைப் பெற்றனர்.

வழிபாடோ மிக எளியது. உணவு வேளையில் முதன்மையான பதார்த்தங்களை உண்டு முடித்ததும் யாவரும் பேச்சடங்கி இருப்பர். உணவில் ஒரு பங்கை அடுப்பிலே இடுவர். தெய்வங்கள் அருள்கூர்ந்தன என்று ஒரு சிறுவன் அறிவிப்பான். அதன் பின்னரே பேச்சுத் தொடரும். மாதத்தின் முதல் நாளிலும், ஏனைய குறித்த நாள்களிலும் அடுப்பின் மேல் மாலை தொங்கும். மகன் பருவமெய்தியபோது, குழந்தைப் பருவம் முதல் கழுத்தில் அணிந்திருந்த காப்புத் தாயத்தைக் கழற்றி லார் தெய்வங்களின் முன் வைப்பான். மே மாதத்தில் மூன்று இரவுகள் இறந்தோரின் ஆவிகளுக்கு உரியவை. நள்ளிரவில் இல்லத் தலைவன் வெறுங்காலோடு எழுந்து, கைகழுவி, கறுத்த அவரை விதைகளைத் திரும்பிப் பாராமல் பின்புறம் எறிவான் என்று கவிஞர் ஒவிட் விரித்துரைக்கின்றார்.

வாசற்கதவுக்கு ஒரு தெய்வம், கதவின் கீலுக்கு ஒரு தெய்வம், வாயிற்படிக்கு ஒரு தெய்வம் என மூன்று தெய்வங்களும் அவர்களுக்கு இருந்தன. புனித அகுஸ்தீனார் இதனை எள்ளி நகைத்தார். வாசலைக் காக்க மனிதக் காவலன் ஒருவனே போதுமாயிருக்க, இவர்களுக்கு மூன்று தெய்வங்கள் வேண்டியிருந்தனவே என்றார். தத்துவ விசாரணையில் இந்நகைப்புக்கு மறுமொழி கூறல் எளிதன்று. ஆயினும், அவ்வீட்டிலே வாழ்ந்தோர் தத்துவம் பேச முற்படவில்லை. நாள்தோறும் கை தொடும் கதவும், கால் மிதிக்கும் படியும், பசி தீர்க்கும் களஞ்சியமும் தம்மால் மட்டும் ஆனவை அல்ல என்பதை மறவாதிருக்கவே அவர்கள் முயன்றனர். நினைவு மறக்கும், கை மறவாது. ஆதலால் நன்றியுணர்வைக் கைப்பழக்கமாக ஆக்கிவைத்தார்கள்.

இதனால் அவ்வீடுகளில் அறம் தானே தழைத்தது என்று எண்ணிவிடலாகாது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேற்றோ என்பார், பண்ணை நடத்தும் முறை பற்றி ஒரு நூல் இயற்றினார். பண்ணைக்கு வரும் எசமான் முதலில் வீட்டு லாரை வணங்கவேண்டும் என்கின்றார். பண்ணைக் கண்காணியின் மனைவி நாள்தோறும் உறங்குமுன் அடுப்பைச் சுற்றிக் கூட்டித் துப்புரவாக்க வேண்டும். குறித்த நாள்களில் அதற்கு மாலை சூட்டி வேண்டுதல் செய்யவேண்டும் என்றும் விதிக்கின்றார். இப்பணியைச் செய்தவள் பெரும்பாலும் ஓர் அடிமைப் பெண். அடிமையின் கையிலே வீட்டின் வழிபாடு தங்கியிருந்தது என எண்ணும்போது நமக்கு வியப்பும் ஒருவகை மகிழ்ச்சியும் உண்டாகின்றன. ஆனால், அதே நூலில் அவர் வேறொன்றும் கூறுகின்றார்: கிழட்டு எருதுகளையும் பழைய கருவிகளையும் விற்பதுபோல, முதுமையுற்ற அடிமையையும் நோயுற்ற அடிமையையும் விற்றுவிடுக என்கின்றார். அடுப்புக்கு மாலை சூட்டிய கை தளர்ந்ததும், அக்கைக்கு அவ்வீட்டில் இடமில்லை. சடங்கு நன்றியைப் பழக்கலாம். அந்நன்றி யார் யாருக்கு உரியது என்பதை அது தானாகத் தீர்மானித்துவிடாது. அதைத் தீர்மானிக்க மனச்சான்று வேண்டும்.

இனி, இச்சிறு வழிபாட்டின் வலிமையை அறிய வேண்டுமாயின், அதனை ஒழிக்க முயன்றோரின் சட்டத்தை நோக்கவேண்டும். கி.பி. 391ஆம் ஆண்டில் பேரரசர் தியோடோசியஸ், கோயில்களை அணுகுவதையும் பலியிடுவதையும் தடைசெய்தார். அடுத்த ஆண்டு, 392 நவம்பர் 8ஆந் தேதி பிறந்த சட்டமோ வீட்டுக்குள்ளேயே புகுந்தது. லாருக்குத் தீ வளர்த்தல், கெனியசுக்கு மது வார்த்தல், பெனாத்தெசுக்கு நறும்புகை காட்டல், விளக்கேற்றல், மாலை தொங்கவிடல் ஆகிய யாவும் குற்றமாயின. சாம்பிராணி புகைத்த இடம் புகைத்தவனுக்கே சொந்தமாயின், அது அரசுடைமையாகும் என்றும் அச்சட்டம் கூறியது. ஒரு பிடி சாம்பிராணிக்கு ஒரு வீடு விலையாயிற்று!

பேரரசு ஒரு பிடி புகைக்கு ஏன் அஞ்சியது? கோயிலைப் பூட்ட ஒரு காவலன் போதும். அடுக்களைதோறும் காவலனை நிறுத்த எவராலும் இயலாது. சட்டம் பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பழக்கம் அற்றுவிடவில்லை. ஏசாயா ஆகமத்துக்கு உரை எழுதிய புனித ஜெரோம், உரோமாபுரியிலே வீடுதோறும் காவல் தெய்வத்தின் உருவுக்கு மெழுகுதிரியும் விளக்கும் ஏற்றுகின்றார்களே என்று குறைப்பட்டுக்கொள்கின்றார். புதிய நெறியின் ஆசானே இங்ஙனம் சான்று பகர்தலின், அதன் உண்மையை ஐயுறவேண்டியதில்லை.

உரோமரின் பெருங்கோயில்கள் பலவற்றில் இன்று தூண்களே எஞ்சியுள்ளன. பொம்பேயியின் அடுக்களை மாடங்களில் தீட்டிய ஓவியங்களோ இன்றும் காண்போரை நிறுத்துகின்றன. உணவு வேளையில் ஒரு கணம் பேச்சடங்கி, தமக்குக் கிடைத்தவற்றை நினைந்த மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். அந்த ஒரு கணத்தை அவர்களிடமிருந்து நாம் கற்கலாம். அந்நினைவிலே தம் அடிமைக்கும் இடம் கொடுக்க அவருட் பலர் தவறினர் என்பதையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.