சுருள்வில் செய்தவர்கள் கடிகாரத்தைக் காத்த கதை



நிபோங் திபாலிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் காரில் கிளம்புகிறவர்கள் முதலில் இருக்கை வாரை இழுத்து மாட்டுவார்கள். மலேசியாவில் முன் இருக்கைக்கு இது 1979 முதல் கட்டாயம். பின் இருக்கைக்கு 2009 ஜனவரி 1 முதல். வாரைக் கழற்றியதும் அது தானாகவே சுருண்டு உள்ளே போகிறது. அதை இழுத்துக்கொள்வது ஒரு தட்டையான எஃகுச் சுருள்வில். அதன் பூர்வீகம் காரல்ல, கடிகாரம்.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஷ்ராம்பெர்க் என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே 1861இல் தொடங்கிய யுங்ஹான்ஸ் நிறுவனம், 1903 வாக்கில் 3,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களோடு உலகின் மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலையாக வளர்ந்தது.

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் உயிர் சுருள்வில்லில் இருக்கிறது. நம் விரல் தரும் பலத்தை அது வாங்கி வைத்துக்கொண்டு, பற்சக்கரங்களுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. பார்வைக்கு வெறும் எஃகு நாடாதான். ஆனால் இறுக்கம் கூடினால் ஒடியும்; குறைந்தால் வளைந்தது வளைந்தபடி நிற்கும். சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் காண்பதே இந்தத் தொழிலின் சூட்சுமம்.

அதே ஊரில் 1888இல் ஹியூகோ கெர்ன் தொடங்கிய சுருள்வில் தொழிற்சாலையே பின்னாளில் கெர்ன்-லீபர்ஸ் ஆனது. ஸ்டைம் குடும்பத்தினர் அதை நடத்திவந்தார்கள்.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது மின்கலத்தில் ஓடுவது. சாவியும் வேண்டாம், சுருள்வில்லும் வேண்டாம். கடிகாரத்தையே நம்பியிருந்த எத்தனையோ ஐரோப்பியத் தொழிற்சாலைகள் அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டன.

கெர்ன்-லீபர்ஸ் நிலைத்து நின்றது. துணி பின்னும் இயந்திரங்களுக்கு மெல்லிய எஃகு உதிரிபாகங்கள், காரின் இருக்கை வாருக்குச் சுருள்வில் என்று அதன் வாடிக்கையாளர்கள் மாறினார்கள். எஃகின் பதம் அறிந்த அனுபவம் மட்டும் மாறவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2008இல் யுங்ஹான்ஸ் நொடித்துப்போனது. 2009இல் அதை வாங்கி மீட்டவர்கள் ஹான்ஸ்-யோகெம் ஸ்டைமும் அவர் மகன் ஹன்னஸ் ஸ்டைமும். ஒரு காலத்தில் கடிகாரத்தை நம்பி வாழ்ந்த சுருள்வில் குடும்பம், கடிகாரத்துக்கே வாழ்வு கொடுத்தது.

கைத்திறன் ஒன்றே போதும் என்று இதற்குப் பொருள் அல்ல. புதிய இயந்திரங்களும் முதலீடும் தேவைப்பட்டன. புதிய சந்தையைத் தேடும் துணிவும் தேவைப்பட்டது. ஆனால் திறன் இல்லாத இடத்தில் முதலீடு மட்டும் என்ன செய்யும்?

நம் ஊர்களிலும் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள், தையற்காரர்கள், தச்சர்கள், பொற்கொல்லர்கள் இருக்கிறார்கள். “இது என்னோடு போகட்டும்” என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெற்றோர் உண்டு. பிள்ளை அதே கடையில் உட்கார வேண்டியதில்லை. ஆனால் அப்பாவின் கை அறிந்த நுணுக்கத்தைக் கற்றுக்கொள்ளட்டும். கடை மாறலாம், சரக்கு மாறலாம். கற்ற தொழில் வேறொரு வாசலைத் திறக்கும்.