காயத்தை எழுதின காகிதம் யாருக்குச் சொந்தம்?

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனை செவிலியர் ஒருவர் பேசியது. பேசிய நடையிலேயே தருகிறோம்.)

போன தடவை ரத்தசோகையைப் பற்றிப் பேசினேன். இந்தத் தடவை தலைவி அம்மா, "உங்க மனசுல இருக்கிறதைப் பேசுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார்கள். என் மனசுல இருக்கிறது ஒரு காகிதம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ரோட்டுல வண்டி மோதி அடிபட்டா, இன்சூரன்ஸ் கேஸுக்கு ஏ.ஆர். காப்பி வேணும்னு வக்கீல் கேட்பாரே, உங்கள்ல பல பேர் அதுக்கு அலைஞ்சிருப்பீங்க. ஏ.ஆர். என்றால் விபத்துப் பதிவேடு. அவசரப் பிரிவில் ஒரு தடிமனான நோட்டு இருக்கும். அடிபட்டு யார் வந்தாலும் டாக்டர் அதில் எழுத வேண்டும். வந்த தேதி, மணி, யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள், எதனால் அடிபட்டது என்று நோயாளி என்ன சொன்னார், உடம்பில் எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் காயம். இவ்வளவும் அதில் வர வேண்டும். விபத்து என்று பெயர் இருந்தாலும் அடிதடி, தீக்காயம், விஷம் எல்லாம் இந்த நோட்டில்தான் ஏறும்.

போலீஸ் காவலில் அடிபட்டவருக்கும் இதே கதைதான். நம்ம குழுவுல தீர்மான நோட்டுல எழுதாத கடன் பின்னாடி எப்படிச் சண்டைக்கு வருதோ, அது மாதிரி டாக்டர் எழுதாத காயம் கோர்ட்டில் இல்லாத காயம் ஆகிவிடும்.

இதை நான் புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்கல. வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு தாலுகா மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி. 20 வயசு இருக்கும், ஒரு பையனை 2 போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். திருட்டுக் கேஸ், ரிமாண்டுக்குப் போறான், ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும் என்றார்கள். பையனால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. "வெளிக்காயம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, 2 மணிக்கட்டும் வீங்கியிருந்தது. நான் பார்த்தேன். டாக்டரும் பார்த்திருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜாமீனில் வந்த பிறகு அவன் அம்மா வந்தார்கள். மகனுக்கு இடது கை தூக்க வரவில்லை, அன்றைக்கு ராத்திரி எழுதின காகிதத்தை வக்கீல் கேட்கிறார் என்றார்கள். "அதெல்லாம் கோர்ட்டு கேட்டாத்தான் தருவோம், போங்கம்மா" என்று அனுப்பினேன். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அந்த அம்மா 3 தடவை வந்தார்கள். மூணாவது தடவை எனக்கென்று ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டு வந்தார்கள். கீரையை வாங்கிக்கொண்டேன். காகிதம் கொடுக்கவில்லை.

அந்தக் காகிதத்தில்தான் ஒண்ணும் எழுதலையே, கிடைச்சிருந்தா மட்டும் என்ன பிரயோஜனம் என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதுவும் தப்பு என்று பின்னாடிதான் புரிந்தது. ஒருவரைக் கைது செய்தபோது "காயம் இல்லை" என்று ஒரு காகிதம் இருக்கிறது, 2 நாள் கழித்து ஜெயில் டாக்டர் "முதுகில் 6 காயம்" என்று எழுதுகிறார் என்று வையுங்கள். நடுவில் அவர் யார் கையில் இருந்தார்? "காயம் இல்லை" என்ற காகிதமும் சாட்சிதான். ஒரு காகிதத்தை மட்டும் பார்க்காமல், அடுத்தடுத்த காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் காப்பி கையில் இருந்தாக வேண்டும்.

சாத்தான்குளம் ஞாபகம் இருக்கும். 2020 ஜூன் 19ஆம் தேதி கூட்டிப்போன அப்பாவும் மகனும். அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி, ரிமாண்ட் செய்து, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார், மறுநாள் காலை அப்பா. போலீஸ் போட்ட எஃப்.ஐ.ஆரில் அவர்கள் தரையில் புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று இருந்தது. ஸ்டேஷன் கேமராவில் பதிந்தது தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அழியாமல் நின்றது இரண்டு. ஒன்று, துணிந்து வாக்குமூலம் கொடுத்த பெண் தலைமைக் காவலர். இன்னொன்று, பிரேதப் பரிசோதனைக் காகிதம். அந்தக் காகிதத்தையும் மாஜிஸ்திரேட் அறிக்கையையும் பார்த்துவிட்டுத்தான், கொலை வழக்காகப் பதிய முகாந்திரம் இருக்கிறது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூன் 30ஆம் தேதி சொன்னது.

5 வருஷம் கழித்து, 2025 ஜூன் மாதம், திருப்புவனம். நகை காணோம் என்ற புகாரில் கோயில் காவலாளிப் பையனைக் கூட்டிப்போனார்கள். வலிப்பு வந்தது என்று போலீஸ் தரப்பில் எழுதினார்கள். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். நகை காணோம் என்கிற புகாருக்கு யாரை முதலில் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வேலைக்குப் போகிற நம்ம ஆளுங்க இந்த அரங்கத்திலேயே எத்தனை பேர் இருக்கீங்க.

இந்த இரண்டிலும் காகிதம் பேசியது ஆள் செத்த பிறகு. உயிரோடு இருக்கும்போதே பேச வைக்க முடியுமா என்பதுதான் என் கவலை.

"கீழே விழுந்தேன்" என்பதற்கும் "அடித்தார்கள்" என்பதற்கும் உடம்பே வித்தியாசம் காட்டும். விழுந்தால் முட்டி, முழங்கை, உள்ளங்கை என்று எலும்பு துருத்திய இடத்தில் சிராய்க்கும். லத்தியால் அடித்தால் ரயில் தண்டவாளம் மாதிரி 2 கோடு சிவந்து, நடுவில் வெளுத்து இருக்கும். உள்ளங்காலில் அடித்தால் வெளியில் அதிகம் தெரியாது, ஆனால் நடக்க முடியாது. டாக்டரிடம் பாதத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். கன்றிய இடம் முதலில் சிவப்பு, பிறகு நீலம், சில நாளில் பச்சை, அப்புறம் மஞ்சள், 2 வாரத்தில் மறைந்தே போகும். ஆழமான அடி முதல் நாள் தெரியாமல் அடுத்த நாள்தான் மேலே வரும். அதனால் முதல் நாள் பார்த்தாச்சு என்று விடக்கூடாது, மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று, இது உயிர் சமாச்சாரம். தொடையிலும் பின்பக்கத்திலும் பலமான அடி வாங்கியவருக்குச் சிறுநீர் காபித் தண்ணி நிறத்தில் போனாலோ, போகாமல் நின்றாலோ, தசை சிதைந்து கிட்னி பாதிக்கிறது என்று அர்த்தம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு வீட்டில் படுக்கிற விஷயம் இல்லை.

டாக்டர் கேட்டால் பயப்படாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். "இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இத்தனை பேர், கட்டையால் அடித்ததாகச் சொல்கிறார்" என்று அவர் எழுதுவார். உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது டாக்டர் வேலை இல்லை. சொன்னதை எழுத வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். நான் மருத்துவத் துறை ஆள்தான், எங்கள் ஆட்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் போலீஸ் நிற்கும்போது பேனா தயங்குகிற டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். பரிசோதிக்கிற அறையில் போலீஸ் நிற்கக் கூடாது என்று இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐ.நா. கையேடே சொல்கிறது. 1999இல் வந்தது, 2022இல் திருத்தியிருக்கிறார்கள். நம் நாடு சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் 1997இல் கையெழுத்து மட்டும் போட்டது, இன்னும் உறுதி செய்யவில்லை. அது பெரிய பேச்சு, இன்றைக்கு வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 54ஆம் பிரிவு என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில், அதுதான் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 53. கைது செய்தவுடன் டாக்டர் பார்க்க வேண்டும். காயம் இருந்தால் அதையும், அது ஏறக்குறைய எப்போது ஏற்பட்டது என்பதையும் எழுத வேண்டும். பெண்ணாக இருந்தால் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெண் டாக்டர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். கடைசியாக இதைக் குறிச்சுக்கோங்க: அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ, அவர் சொல்கிற ஆளுக்கோ கொடுத்தாக வேண்டும். அந்த ஆள் அம்மாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். நம்ம குழு ஊக்குநராகக்கூட இருக்கலாம். காவலில் இருக்கிற வரைக்கும் 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்க வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அங்கே ஒரு சகோதரி கை தூக்குறாங்க. "கேட்டாலும் தரலேன்னா?" சரியான கேள்வி. நானே தராதவள்தானே.

வாயால் கேட்காதீங்க. வெள்ளைத் தாளில் எழுதி, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பெயருக்குக் கொடுத்து, இன்னொரு தாளில் தேதியோடு சீல் வாங்குங்கள். நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி இருக்கிறது. உள்நோயாளிக் காகிதங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். அதனால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாளைக் கடத்தாதீங்க. அதற்கும் மசியவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், 10 ரூபாய் செலவு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருவருடைய உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று காரணத்தோடு எழுதினால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது மாஜிஸ்திரேட்டிடம் நேராகவே சொல்லலாம்: "அய்யா, அடிச்சாங்க, டாக்டர் சரியா பார்க்கல, மறுபடி பார்க்கச் சொல்லுங்க." ஒரு வரி போதும். வக்கீல் வைக்கக் காசு இல்லை என்று யாரும் சொல்லாதீங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எடுப்பார்கள்.

காவலில் உயிரே போய்விட்டால், 2020 டிசம்பரில் மதுரைக் கிளை கொடுத்த உத்தரவு இருக்கிறது. பரிசோதனைக்கு முன்னால் குடும்பம் உடலைப் பார்க்க வேண்டும், பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும், அறிக்கையைச் சீக்கிரம் குடும்பத்திடம் தர வேண்டும். கோர்ட்டுக்குப் போகிறோம் என்று குடும்பம் சொன்னால் 48 மணி நேரமாவது உடலைப் பிணவறையில் வைத்திருக்க வேண்டும். காகிதம் கைக்கு வருவதற்கு முன்னால் "உடலை வாங்கிக்கோங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அழுகிற வீட்டில் அந்த நேரம் நிதானமாகப் பேசுவதற்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். காகிதம் கிடைத்ததும் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போடுகிற வழக்கம் வந்திருக்கிறது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி டாக்டர் எழுதியது ஊர் படிக்கிறதற்கு இல்லை. அது அவளுக்குச் சொந்தம். வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் கொடுங்கள், ஒரு ஜெராக்ஸ் வீட்டில் வையுங்கள். குழுவில் வைக்க வேண்டுமா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.

அந்த அம்மாவை அதற்கப்புறம் நான் ஒரே ஒரு தடவை சந்தையில் பார்த்தேன். அவர்களுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வக்கீல் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறோம். நகல் கேட்டு மனு எழுதுவது எப்படி என்று அவர்கள் உட்கார்ந்து எழுதிக் காட்டுவார்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் எழுதப் படிக்கத் தெரிந்த 2 பேர் நோட்டும் பேனாவும் கொண்டு வாங்க. வீட்டில் பழைய ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாங்க, அதை எப்படிப் படிப்பது என்று நான் சொல்லித் தருகிறேன்.