ஒறுக்குமுன் உசாவுக!

(போடிநாயக்கனூரில் தமிழன்பர்முன் ஆற்றப்பெற்ற உரை)



போடிநாயக்கனூரின் மேற்கே ஏலமலைத் தொடர் நிற்கின்றது. அத்தொடரின் தென்பால், கூடலூரை அடுத்த முகட்டில் கண்ணகி கோட்டம் உள்ளது. சித்திரை முழுநிலா நாளில் அங்கே மக்கள் திரளாக ஏறுகின்றனர். அக்கோட்டம் பிழைபட்ட ஓர் ஒறுப்பின் (தண்டனையின்) நினைவுக்கல் என்பதை அவருள் எத்துணைப் பேர் எண்ணுகின்றனர்? பாண்டியன் கோவலனை அழைத்து ஒரு சொல்லும் உசாவினான் அல்லன். பொற்கொல்லன் சொன்னான், காவலன் ஒருவன் வெட்டினான்.

ஒறுக்கும் மன்றம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. 'இவன் செய்தானா?' என்பது ஒன்று. 'செய்தவன் எந்நிலையில் வளர்ந்தான்? இனித் திருந்துவானா?' என்பது மற்றொன்று. பாண்டியன் முதல் வினாவையே கேட்டிலன். இற்றை மன்றங்களோ இரண்டாவதைப் பல வேளைகளில் கேளாதே விடுகின்றன. குற்றத்தோடு குற்றவாளியின் நிலையையும் எடைபோட வேண்டுமென்று உச்சமன்றம் 1980-இல் பச்சன்சிங் வழக்கிலேயே கூறிற்று. கூறியது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

அவ்விரண்டாம் வினாவைத் தம் ஆய்வுப்பணியாக மேற்கொண்டவர் பேராசிரியர் அனூப் சுரேந்திரநாத். தில்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் அவர் வழிநடத்திய குழு, தூக்குத் தீர்ப்புப் பெற்ற 373 பேரின் வாழ்நிலையை ஆய்ந்தது. 2016-இல் வெளிவந்த அவ்வாய்வு கூறுவது யாது? அவர்களுள் 74.1 விழுக்காட்டினர் பொருளியலில் நலிந்தோர். இடையில் அவர் உச்சமன்றத்தில் ஆய்வுக்கான துணைப்பதிவாளராகவும் இருந்தார். 2015 சூலை 30-இல் யாகூப் மேமன் தூக்கிலிடப்பட்டபின் அப்பொறுப்பைத் துறந்து தம் ஆய்வுக்கே மீண்டார்.

2022-இல் மனோசு வழக்கில் உச்சமன்றம், குற்றவாளியின் வாழ்க்கைப் பின்னணி, உளநிலை, சிறையொழுக்கம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே திரட்டுமாறு வழக்குமன்றங்களைப் பணித்தது.

கொலையுண்டவர் வீட்டாரின் கண்ணீர் பொய்யோ எனின், அன்று. ஆயின் உசாவாத ஒறுப்பு அக்கண்ணீரைத் துடைப்பதில்லை. மற்றொரு வீட்டிலும் கண்ணீரை உண்டாக்குகின்றது.

அன்பர்களே! இது தில்லிக்கு மட்டும் உரிய செய்தியா? போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் கூலித் தொழிலாளியை எண்ணுக. முகட்டைக் கடந்தால் மாநிலம் வேறு, மன்றமொழியும் வேறு. அங்கே அவன் கூண்டில் நிற்க நேர்ந்தால், தன் வறுமையையும் உளத்துயரையும் எம்மொழியில் எடுத்துரைப்பான்? இப்பக்கம் மட்டும் என்ன? கீழ்மன்றத்தில் தமிழ் ஒலிக்கின்றது; மேன்முறையீடு மதுரைக்குச் சென்றதும் அவன் வழக்கு ஆங்கிலமாகிவிடுகின்றது. உயர்மன்றத்தில் தமிழ் வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் முடிவியற்றியும் அது கைகூடவில்லை. தன்னை ஒறுப்பவர் மொழி தனக்கு விளங்காதவனிடம் மன்றம் எதை உசாவியதாகும்?

தக்கவாறு ஆராய்ந்து, அக்குற்றம் மீண்டும் நிகழாவண்ணம் அளவோடு ஒறுப்பதே வேந்தன் கடன் என 'வெருவந்த செய்யாமை'யில் வள்ளுவர் முறை வகுத்தார். அம்முறை தழைக்க, தேனி மாவட்டத் தமிழிளைஞர் சிலரேனும் சட்டங் கற்க! இம்மலைச்சரிவு மக்களின் வழக்குகளைத் தமிழில் ஆய்ந்து எழுதுக! கோட்டத்தில் மலர் தூவுவதினும் கண்ணகி உவக்கும் வழிபாடு அதுவே.